வேஷக்காரன் விழும் இடம்

மறுபடியும் போய்விட்டது. குருவம்மாள் விசையிலிருந்து விரலை எடுத்துக் கண்ணைத் திறப்பதற்குள் கம்ப்யூட்டர் திரையில் இருந்த கறுப்பு ஜன்னலைக் காணோம், அது இருந்த இடத்தில் மகள் வைத்துவிட்டுப் போன பனிமலைப் படம் ஒன்றுமே நடக்காததுபோல நின்றது. சத்தம் போட்டுவிட்டுப் போனாலும் மனது ஆறும். புகை வந்தால், கருகல் வாடை அடித்தால், இன்னதுதான் கேடு என்று ஒரு பிடி கிடைக்கும். இது எழுந்து போகிறது. பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போகிறவர்களைப்போல ஏன் என்று சொல்லாமல் போகிறது. மகள் ராகவியின் ஜாதகத்தை மட்டும் போடு என்றால் போடுகிறது. அந்தப் பையன் தினகரன் ஜாதகத்தை மட்டும் போடு என்றால் அதையும் போடுகிறது, கட்டம் பிசகாமல், திசை இருப்பு வருஷம் மாதம் நாள் என்று சுத்தமாக. இரண்டையும் சேர்த்துப் பொருத்தம் பார் என்றால்தான் போய்விடுகிறது. சனிக்கிழமை போனது. ஞாயிறு கடை லீவு என்றும் பாராமல் ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே வந்து பார்த்தாள், அன்றைக்கும் போனது. இன்று திங்கள், இன்று சொல்லியாக வேண்டும். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகள் போன வாரமே சொல்லிவிட்டாள், அவங்க வீட்டுல கேக்குறாங்கம்மா, திங்கக்கிழமைக்குள்ள சரின்னா சரின்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு, சவ்வு மாதிரி இழுக்காத. பையன் அவள்கூட வேலை பார்ப்பவன், அவளே பார்த்துக்கொண்டது. குருவம்மாளுக்கு அதில் கோபம்கூட இல்லை. படத்தைப் பார்த்தாள், காது கொஞ்சம் பெரிசு, மற்றபடி சொல்ல ஒரு குறை இல்லை. பொருத்தம் பார்த்துட்டுச் சொல்றேன் என்று சொன்னது அவள் வாய்தான். யார் சொல்லச் சொன்னது. ஊருக்கெல்லாம் பார்த்துச் சொல்கிறவள் சொந்தப் பிள்ளைக்குப் பார்க்காமல் சரி என்றால் அருப்புக்கோட்டை பஜாரில் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று ஒரு நினைப்பு. சொல்லிவிட்டாள். இப்போது சொன்ன சொல்லே தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது.

நட்சத்திரப் பொருத்தம் பார்க்க மெஷினே வேண்டாம். பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் கட்டம் போட்டிருக்கிறது, பெண் நட்சத்திரத்துக்கு எதிரே ஆண் நட்சத்திரம், விரலை ஓட்டினால் தீர்ந்தது. ஓட்டியும் பார்த்துவிட்டாள், பத்துக்கு ஆறு, சேரலாம். ஆனால் அது வெறும் தோல். தோஷம் இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா, இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் திசை மாறுகிறதா என்றெல்லாம் இந்தப் புரோகிராம்தான் கணக்குப் போடும், போட்டுக் கடைசி வரியில் உத்தமம், மத்திமம், அதமம் என்று மூன்றில் ஒரு சொல்லை அடித்துத் தரும். அந்தச் சொல்லைப் பார்க்காமல் அவள் வீட்டுக்காரர் சோலையப்பன் உயிரோடு இருந்தவரை ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடை லூர்து சனிக்கிழமையிலிருந்து இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறான், இப்போதும் டீ கிளாஸோடு வாசலில் வந்து நின்றான்.

“என்னக்கா, கம்ப்யூட்டருக்கே கண்டச் சனியா?”

“வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு தம்பி.”

“போன்ல பாத்தா ஒரு நிமிசம். அதுவும் ஃப்ரீயா.”

“போன்ல வர்றது திருக்கணிதம். நம்மது வாக்கியப் பஞ்சாங்கம். உங்க கோயில்லயும் பெந்தகொஸ்தே சபையிலயும் ஒரே மாதிரியா பாடுறாங்க? அந்த மாதிரி.”

“சாமி ஒண்ணுதானக்கா.”

“கணக்கு வேறல்ல.”

லூர்து சிரித்துக்கொண்டே போய்விட்டான். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்கு வேறு என்று பட்டென்று சொல்ல முடிகிற வாய், உன் மெஷின் ஏன் ஓடவில்லை என்று கேட்டால் என்ன சொல்லும்? மெஷின் என்றுகூடச் சொல்ல முடியாது. பழைய மெஷின் பொங்கலோடு போயிற்று. அதில் மெஷினை ஓட்ட டாஸ் என்று ஒன்று இருந்தது, கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஜாதகப் புரோகிராம் அதில்தான் பிறந்தது, அதை எழுதிக் கொடுத்த மதுரைக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ராகவி வந்து வேறொரு கம்ப்யூட்டரைக் கொண்டு வைத்து, இதுல டாஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டிருக்கேம்மா, டாஸ் இப்ப உலகத்துலயே கிடையாது, ஆனா டாஸ் மாதிரி வேஷம் போடுற ஒரு புரோகிராம் இருக்கு, உன் ஜாதகம் அதை நெஜ டாஸ்னு நம்பிக்கிட்டு ஓடும் என்றாள். அன்றிலிருந்து குருவம்மாளுக்கு அது வேஷக்காரன். காலையில் விளக்கேற்றிவிட்டு வேஷக்காரனை எழுப்பினால் கறுப்பு ஜன்னல் திறக்கும், அதற்குள் பழைய உலகம் அப்படியே இருக்கும். நன்றாகத்தான் நடித்தான். பங்குனித் திருவிழாக் கூத்தில் ராஜா வேஷம் கட்டியவனை யாராவது சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் சட்டென்று திரும்பி, கிரீடம் கோணி, அத்தோடு எல்லாம் கலைந்துபோகுமே, அந்த மாதிரி இவனையும் யாரோ கூப்பிட்டுவிட்டார்களோ. யார் கூப்பிட்டது. கூப்பிட்டது மகளுடைய ஜாதகம்தானா. வேண்டாம், வேண்டாம் என்று மேலே இருந்து யாராவது மறிக்கிறார்களா. எத்தனை தாய்மார் இந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, பூ விழுந்துச்சும்மா, பல்லி சொல்லிச்சும்மா, பேச்சை எடுக்கவும் கரண்டு போச்சும்மா என்று கண்ணைத் துடைத்திருக்கிறார்கள். அதெல்லாம் மனப்பிராந்தி என்று தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அவர்களுக்குப் பல்லி. இவளுக்கு லினக்ஸ்.

காலையில் மகளுக்குப் போன் போட்டபோதுகூட உண்மையைச் சொல்ல நாக்கு வரவில்லை. பொருத்தம் மட்டும் ஓட மாட்டேங்குது, யாரோ ஒரு பார்ட்டிக்கு அவசரமாம் என்றாள். யாரும்மா பார்ட்டி என்றாள் மகள். பந்தல்குடிப் பார்ட்டி. ம் என்றாள் மகள். அந்த ம்மிலேயே தெரிந்தது, பிள்ளைக்குத் தெரியும் என்று. ஆனாலும் அவள் விட்டுக்கொடுக்காமல், பந்தல்குடிக்காரர்களுக்காகத்தான் பேசுவதுபோலவே பேசினாள். கட்டளை அடிக்கிற சின்ன ஜன்னலைத் திறந்து அங்கேயிருந்து ஓடவிடு, விழுந்ததும் அதுல கடைசி வரி என்ன இருக்குன்னு படி என்றாள். குருவம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். செக்மென்டேஷன் ஃபால்ட்.

“அப்படின்னா?”

“தனக்குப் பாத்தியம் இல்லாத இடத்தைத் தொட்டுருச்சுன்னு அர்த்தம்மா. தொட்டதும் லினக்ஸ் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிரும்.”

“யாரு தொட்டா? எந்த இடத்தை?”

“அதைத்தான் கண்டுபிடிக்கணும். மீட்டிங் ஆரம்பிச்சுட்டாங்க, வைக்கிறேன். எதை மாத்தினாலும் ஒண்ணொண்ணா மாத்திப் பாரு, என்ன? ரெண்டை ஒண்ணா மாத்துனா எதால சரியாச்சுன்னு தெரியாது.”

பாத்தியம் இல்லாத இடம். வைத்துவிட்டாள், இந்தச் சொல்லைப் போட்டுவிட்டு வைத்துவிட்டாள். குருவம்மாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அந்தப் பையன் வீடு பெரிய வீடாமே, அப்பா ரிடையர்டு தாசில்தாராமே, ஏழாவதோடு நின்றவள் மகள் அங்கே போய்த் தொட்டால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்களோ. இல்லை, இது மெஷினைப் பற்றிய பேச்சு. மெஷினைப் பற்றித்தானே பிள்ளை சொன்னாள். தொடுகிற பேச்சு என்றாலே இவளுக்கு ஆகாது. சோலையப்பன் நல்ல மனிதர், கையை ஓங்கியது கிடையாது, குடி கிடையாது, ஆனால் இந்தக் கீ போர்டின் பக்கம் இவள் கை போனால் மட்டும் பதறிவிடுவார். நீ தொடாத குருவு, கெட்டுப்போயிரும். துணியால் மேல்மூடியைத் துடைக்கலாம். ஊதுபத்தி காட்டலாம். அவருடைய வெற்றிலைச் செல்லத்தை நகர்த்தி வைக்கலாம். தொடக் கூடாது. அவர் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே எந்த விசைக்கு எது வரும் என்று அத்தனையும் மனப்பாடமாயிற்று. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, கருமாதி முடிந்து, கடையை யாருக்காவது வாடகைக்கு விட்டுரலாம் மதினி என்று அவர் தம்பி சொல்ல, இருங்க கொழுந்தனாரே என்று சாவியை வாங்கிக்கொண்டு வந்து திறந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் விசையைத் தொட்டாள். கெட்டுப்போகவில்லை. ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அன்று சாயங்காலமே பாலவநத்தத்துக்காரருக்குக் குழந்தை ஜாதகம் அடித்துக் கொடுத்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் முதுகு தானாக நிமிரும். இப்போதும் நிமிர்ந்தது. நிமிர்ந்த முதுகோடு, ஒண்ணொண்ணா மாத்து என்று மகள் சொன்னதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தாள்.

நூல் மில்லில். பள்ளிக்கூடத்தை விட்டுப் போய் நின்ற இடம் கோன் சுற்றும் செக்‌ஷன், காதை அடைக்கிற இரைச்சல், தலைமுடியெல்லாம் பஞ்சு. மெஷின் கதிர் ஒன்றில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் புதுப் பிள்ளைகள் முடிச்சுப் போட்டுப் போட்டு அழுவார்கள். மேஸ்திரி ஜெகதாக்கா வந்து, நூல் கண்டைக் கழற்றிப் பக்கத்துக் கதிரில் மாட்டுடி என்பாள். அங்கேயும் அறுந்தால் கோளாறு நூலில். அங்கே ஓடிவிட்டால் கோளாறு கதிரில். அழுகிறதுக்கு முன்னாடி மாத்தி மாட்டிப் பாரு, அப்புறமா எதுக்கு அழணும்னு தெரிஞ்சுக்கிட்டு அழு. நினைத்ததும் குருவம்மாளுக்கு வெட்கமாக இருந்தது, சனிக்கிழமையிலிருந்து நான் முடிச்சுதானே போட்டுக்கொண்டிருக்கிறேன், அதே ராகவி, அதே தினகரன், அதே விசை. கண்டை மாற்றவே இல்லையே. யாரை மாட்டிப் பார்ப்பது? ஊரார் பிள்ளைகளை வைத்துப் பார்க்க மனது வரவில்லை, ஏதாவது ஆகிவிட்டால். அவளுடையதும் அவருடையதும் இருக்கிறது, புரோகிராம் வாங்கின புதிதில் பழகிப் பார்க்க அவர் போட்டு வைத்தது. நடந்து முடிந்த கல்யாணம், இனி அதற்கு என்ன ஆகிவிடப் போகிறது. வேஷக்காரனை எழுப்பினாள். பொருத்தத்துக்கான விசைமேல் விரலை வைத்துக் கண்ணை மூடினாள். மூடினதும் உடனே திறந்தாள். எதற்குக் கண்ணை மூடுகிறேன்? மூன்று நாளாக ஒவ்வொரு தடவையும் மூடியிருக்கிறேன், முருகா என்று சொல்லி மூடி அழுத்தி, திறந்தால் பனிமலை. நடுவில் நடந்தது எதையும் பார்க்கவே இல்லை. இப்போது இமைக்காமல் அழுத்தினாள். ஜன்னல் ஒரு கணம் வெறும் கறுப்பாக இருந்தது. போய்விட்டது.

போனது சரி, ஆனால் குருவம்மாள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். இன்னும் நான் பேரையே சொல்லவில்லையே. பொருத்தம் என்று கேட்டால் புரோகிராம் முதலில் போட்டு வைத்திருக்கிற ஜாதகப் பெயர்களை எல்லாம் வரிசையாகக் காட்டும், அம்புக்குறியை நகர்த்திப் பெண் இன்னார், பிள்ளை இன்னார் என்று காட்டிக் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் கணக்கு. அந்த வரிசை வரவே இல்லை. வரிசை வருவதற்கு முன்னாலேயே விழுகிறான். அப்படியென்றால் யாருக்குப் பொருத்தம் என்றே அவனுக்குத் தெரியாது. ராகவியை அவன் பார்க்கவே இல்லை. தினகரனைப் பார்க்கவே இல்லை. நல்லது கெட்டது சொல்ல யாரும் இதில் இல்லை, பெயர் சொல்லும் முன்னே மறிக்கிற சாமி எந்த ஊரில் இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி சாப்பிடாமல் படுத்தாளே, ஞாயிற்றுக்கிழமை குப்புறக் கிடந்து அழுதாளே, அத்தனையும் எதற்கு. சிரிப்பும் கோபமும் ஒன்றாகப் பொங்கி வந்தன, டீ குடிக்க வேண்டும்போல இருந்தது, எழுந்திருக்க மனமில்லை. ஜெகதாக்கா, நூல் இல்லை அக்கா, கதிர். ஒரே ஒரு ஜாதகம் போடும்போது வரிசை தேவைப்படாது, பெயரை நாமே அடித்துவிடுவோம், அதனால்தான் அது ஓடுகிறது. கோளாறு வரிசையில். வரிசையில் என்ன இருக்கிறது? வேஷக்காரனை விட்டுவிட்டு லினக்ஸ் பக்கமாகவே போய், மகள் காட்டிக் கொடுத்தபடி, ஜாதகங்கள் இருக்கிற ஃபோல்டரைத் திறந்தாள். எல்லாம் கட்டை இங்கிலீஷ் பெயர்கள், டாஸுக்கு எட்டு எழுத்துக்கு மேல் தாங்காது என்று அவர் வெட்டி வெட்டி வைத்தவை, பிறகு அதே மாதிரி இவள் வெட்டி வைத்தவை. மெதுவாக இறங்கினாள். பந்தல்குடி இருந்தது, அது போன வாரம், அதற்கு அன்றைக்குப் பொருத்தம் ஓடியது, நன்றாக நினைவிருக்கிறது, அந்த அம்மா மல்லிகைப்பூ கொடுத்துவிட்டுப் போனாள். அப்படியானால் அதற்கப்புறம் வந்தது எதுவோ. ராகவி. தினகரன். கடைசியில், எல்லாவற்றுக்கும் கீழே, தனியாக, உ.

அய்யோ, என் பிள்ளையாரே.

அது அவள் போட்டது. வெள்ளிக்கிழமை, வளர்பிறை, நல்ல ஓரை பார்த்துத்தான் மகள் ஜாதகத்தைப் போட உட்கார்ந்தாள். காகிதம் என்றால் மேலே மஞ்சளால் பிள்ளையார் சுழி போட்டுவிட்டு ஆரம்பிக்கலாம், மற்ற பார்ட்டிகளுக்கு அச்சடித்த தாளில் அப்படித்தான் போடுவது. சொந்தப் பிள்ளைக்கு அது போதாது என்று தோன்றியது. தாளுக்கு மேலே போட்டால் தாளோடு சரி, இது உள்ளேயே இருக்க வேண்டும், கணக்குப் போடுகிற இடத்திலேயே பிள்ளையார் உட்கார்ந்திருக்க வேண்டும். லினக்ஸில் தமிழ் அடிக்க மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். புதுசாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, உள்ளே ஒன்றும் வைக்காமல், பெயர் மட்டும் உ என்று அடித்து, திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எவ்வளவு பெருமையாக இருந்தது. இந்த யோசனை வேறு எந்த ஜாதகக் கடைக்காரனுக்கு வரும் என்று நினைத்தாள். வேஷக்காரன் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்து, எல்லாம் இங்கிலீஷ், எல்லாம் அவன் காலத்துப் பெயர், கடைசியில் வாழ்நாளில் பார்த்திராத ஓர் எழுத்து, அதை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் எதையோ பிடிக்கப் போய்த் தொடக் கூடாத இடத்தில் கை பட்டு, பாவம், அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். விக்கினம் வராமல் இருக்க வைத்த பிள்ளையாரே விக்கினம். அழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். விரல் போகவில்லை. பிள்ளையாரை யாராவது அழிப்பார்களா, அதுவும் மகள் கல்யாணப் பேச்சு நடக்கிற நேரத்தில். மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், அப்புறம் புத்தியில் வெளிச்சம் வந்தது. இடம் மாற்றினால் போதுமே. கோயிலிலேயே திருப்பணிக்கு மூலவரை எடுத்து வேறு இடத்தில் வைப்பதில்லையா. மெல்ல அழுத்திப் பிடித்து, வரிசையை விட்டு வெளியே கொண்டுவந்து, பனிமலைப் படத்தின்மேல், கீழ்ப்பக்கம் இடது ஓரத்தில் இறக்கினாள். வடக்கு மேலே என்றால் அதுதான் கன்னி மூலை, அங்கே அவர் நிம்மதியாக இருக்கட்டும்.

வேஷக்காரனை எழுப்பினாள். அழுத்தினாள். வரிசை வந்தது, மேலிருந்து கீழே, அவர் வெட்டி வைத்த பெயர்களும் இவள் வெட்டி வைத்த பெயர்களும், மடமடவென்று. குருவம்மாள் கத்தவில்லை, வாயைப் பொத்திக்கொண்டாள். அவளையும் அவரையும் காட்டிக் கொடுத்தாள், கணக்கு ஓடியது, கடைசி வரியில் உத்தமம் என்று நின்றது. உத்தமமாம். உத்தமமான கல்யாணத்தில் இருபத்தைந்து வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டாள், அவர்மேல் கோபம் இல்லை, ஆனால் சொல்லிக்கொள்ளலாம்போல இருந்தது. அப்புறமும் மனது ஆறவில்லை. தானாகச் சரியாகியிருந்தால்? பிள்ளையாரை மறுபடி வரிசைக்குள் கொண்டுபோய் வைத்தாள். அழுத்தினாள். விழுந்தான். வெளியே எடுத்தாள். ஓடினான். உள்ளே, விழுந்தான். வெளியே, ஓடினான். போ என்றால் போகிறது, வா என்றால் வருகிறது, மூன்று நாள் அவளை ஆட்டி வைத்த பேய் இப்போது அவள் சொல் கேட்கிறது. மில்லில் முதல் தடவை கதிரைக் கண்டுபிடித்தபோது இப்படித்தான் இருந்தது, பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. தானே உண்டாக்கின கோளாறு, தானே கண்டுபிடித்தது, தொட்டால் கெட்டுப்போயிரும் என்றார்களே, தொட்டேன், கெட்டுப்போயிற்று, தொட்டேன், சரியாயிற்று. லூர்துவைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அம்புக்குறியை நகர்த்தினாள். பெண், ராகவி. பிள்ளை, தினகரன். திரையில் பார்க்காமல் நேராகப் பிரின்டருக்கே அனுப்பினாள். அது தொண்டையைச் செருமிக்கொண்டு தாளை இழுக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.

“அம்மா, மீட்டிங் முடிஞ்சுது. என்னாச்சு?”

“சரி பண்ணிட்டேன்டி.”

“யாரு பண்ணா?”

“யாரு பண்ணா? நான்தான் பண்ணேன். கடைக்குள்ள வேற யாரு இருக்கா?” என்று ஆரம்பித்தவள் மூச்சு விடாமல் சொன்னாள், வரிசை வராததை, கண்ணை மூடினதை, ஜெகதாக்காவை, பிள்ளையாரை, கன்னி மூலையை. மறுபக்கம் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம், யாரிடமோ தினா இங்க வாங்க, எங்கம்மா என்ன பண்ணிருக்காங்க கேளுங்க என்று கூப்பிடுகிற சத்தம்.

“திருப்பி உள்ள வச்சும் பாத்தியாம்மா? நெஜமாவா? எங்க டீம்ல பாதிப் பேரு அதைப் பண்ண மாட்டாங்கம்மா.”

“பாக்காம எப்படிச் சொல்றது?”

பின்னால் ஓர் ஆண் குரல், அத்தைகிட்ட நான் ஒரு வணக்கம் சொன்னேன்னு சொல்லு என்றது. அத்தையாம். பிரின்டர் இன்னும் தலைப்பைத்தான் அடித்துக்கொண்டிருந்தது, சோலை கம்ப்யூட்டர் ஜாதக நிலையம், அதன் கீழே கோடு, ஊசி இப்படியும் அப்படியும் ஓடியது. மகளின் சிரிப்பு மெல்ல அடங்கிற்று.

“அம்மா. அந்தப் பந்தல்குடிப் பார்ட்டிக்கு என்ன வந்துச்சு?”

குருவம்மாள் தாளைப் பார்த்தாள். பெண்ணின் பெயர்கூட இன்னும் முழுசாக விழவில்லை, ரா மட்டும் வந்திருந்தது. கடைசி வரிக்கு இன்னும் முழுப் பக்கம் இருந்தது.

“பொருத்தம் இருக்கு,” என்றாள். “அவங்க வீட்டுல சொல்லிரு. வெள்ளிக்கிழமை வரச் சொல்லு.”